பந்தி வஞ்சனை அறியாதவர்

“லாபம், ரெண்டு, மூணு…” என்று செல்லக்கண்ணு எண்ணிக்கொண்டிருக்கிறார். அவர் எண்ணுவது நெல் மரக்கால் அல்ல. சுண்டுவிரல் நுனியளவு பிளாஸ்டிக் குழாய்கள். வெள்ளைத் தாங்கியில் வரிசையாக ஏழு. முதல் குழாயை ‘ஒன்று’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வேலை உருப்படாது என்பது அவர் கட்சி. ஏழு வந்ததும் சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருக்கும். எடுத்துச் சொன்னால், “இருக்கட்டுங்க, ஒருதரம் தேடிட்டா மனசுக்குத் திருப்தி” என்பார்.

பெரம்பலூரில், துறையூர் சாலையில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆய்வக உதவியாளர் அவர். வயது ஐம்பத்து நாலு. பேரளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். அதே கட்டடத்தில் நான் தமிழ் நடத்துகிறேன். எங்கள் துறைக்கும் அவர்கள் ஆய்வகத்துக்கும் நடுவில் ஒரு நடைபாதையும் ஒரு குடிநீர்க் கேனும்தான். ஆய்வகத்தில் ஏசி உண்டு. தமிழ்த்துறையில் மின்விசிறி உண்டு, அது சில நாள் சுற்றுவதும் உண்டு. ஆகவே வெயில் ஏற ஏற எனக்கு அறிவியல் ஆர்வமும் ஏறிவிடும்.

வாரநாளில் இப்படி. முகூர்த்த நாளில் ஆளே வேறு. சமையல் கான்ட்ராக்டர் ஒருவரின் குழுவில் பந்தி பரிமாறுகிறவர் செல்லக்கண்ணு. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்து மண்டபங்களிலும் ரசவாளியோடு அவரைப் பார்க்காதவர்கள் குறைவு. கரண்டி இலையைத் தொடாது. பட்டுப்புடவையில் ஒரு பொட்டு தெறிக்காது. மனிதர்களை அவர் தரம் பிரிப்பதும் இலையை வைத்துத்தான். நுண்ணுயிரியல் துறைத்தலைவர் குருமூர்த்தி ‘அப்பளத்து ஆளு, சத்தந்தான் பெருசு’. நான் யார் என்று ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். “தமிழய்யா பாயசத்து ஆளுங்க. கடைசிவரைக்கும் எந்திரிக்க மாட்டீங்க” என்றார். அதன் பிறகு நான் யாரைப் பற்றியும் கேட்கவில்லை.

பந்திக்கும் பாக்டீரியாவுக்கும் முடிச்சுப் போட்டது ஒரு பஸ் கதவு. மேகலா என்று ஒரு ஆராய்ச்சி மாணவி, ரெட்டிபாளையத்துப் பெண். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். இரண்டு பஸ் மாறி, முடியில் பாதி ஊர்ப்புழுதியோடு வந்து சேருவாள். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாவது வருஷம். போன ஆனி மாதம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் அவள் வலது கட்டைவிரல் பஸ் கதவில் மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது, அழுத்தினால் மட்டும் உயிர் போகிற வலி. அவள் வேலையோ முழுக்க முழுக்கக் கட்டைவிரல் வேலை. பிப்பெட் என்று ஒரு பேனா போன்ற கருவியை அழுத்தி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அளவில் திரவத்தை எடுத்து விடவேண்டும். இடது கையால் பழகிப் பார்த்தாள், சரிவரவில்லை. துறையில் வேறு ஆராய்ச்சி மாணவர்களும் கிடையாது. அப்போதுதான் செல்லக்கண்ணுவின் கை அவள் கண்ணில் பட்டது. ஒருநாள் தண்ணீரை வைத்துச் சோதித்தாள். இருபது தடவை எடுத்து விட்டார். இருபதும் தராசில் ஒரே எடை.

அவள் ஆராய்வது ஒரு விசித்திரமான கத்தரிக்கோலை. பாக்டீரியாவையும் தாக்குகிற வைரஸ்கள் உண்டாம். ஒருமுறை வந்துபோன வைரஸின் எழுத்துகளைச் சில பாக்டீரியாக்கள் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பின் நகல்தான் ஆர்.என்.ஏ. சீட்டு. அந்தச் சீட்டைக் கையில் பிடித்தபடி ஒரு புரதக்கூட்டம் காவல் சுற்றும். அதே வைரஸ் மறுபடி நுழைந்து, அதன் ஆர்.என்.ஏ.வும் சீட்டும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்திவிட்டால், தூங்கிக்கொண்டிருந்த கத்தரி விழித்துக்கொள்ளும். இந்த ரகக் கத்தரிகள் வழக்கமாக மரபுப்பொருளைத்தான் வெட்டும். மேகலாவின் கத்தரி வந்தவன் ஆர்.என்.ஏ.வை நறுக்குவதோடு நிற்காமல், பாக்டீரியாவின் சொந்தப் புரதம் ஒன்றையும் இரண்டாக வெட்டுகிறது. அப்படித் துண்டானதும் பாக்டீரியாவின் வளர்ச்சி மந்தமாகிறது என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்று உலகத்தில் பல பெரிய ஆய்வகங்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கின்றன. செல்லக்கண்ணு பேரளி பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டார்: “வேண்டாத விருந்தாளி வந்தா அடுப்ப அணைச்சுட்டு உக்காந்துக்கறது இல்லீங்களா? அதேதான்.” பக்கத்து இருக்கைக்காரர் கொய்யாப்பழக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

சோதனை கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஏழு குழாயிலும் கத்தரியும் புரதமும் இருக்கும். ஆறு குழாய்களுக்கு வைரஸின் ஆர்.என்.ஏ.வை ஒரே அளவு விடவேண்டும். வெவ்வேறு நிமிஷத்தில் ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும். ஏழாவது குழாய்க்கு ஆர்.என்.ஏ. கிடையாது, அதற்குச் சேரவேண்டிய அளவுக்கு மேகலா முன்கூட்டியே வெறும் தண்ணீரை விட்டு வைத்திருப்பாள். ஆறில் புரதம் வெட்டுப்பட வேண்டும், ஏழாவதில் முழுசாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஆர்.என்.ஏ. வந்ததால்தான் கத்தரி விழித்தது என்று நாலு பேர் நம்புவார்கள். மேகலா கடிகாரத்தையும் நோட்டையும் பார்த்துக்கொள்ள, செல்லக்கண்ணு ஒவ்வொரு குழாயின் சுவரிலும் நுனி படாமல் துளியை இறக்கிக்கொண்டே போவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் பேசமாட்டார். அது எங்கள் கட்டடத்தில் எல்லாரும் அறிந்த அதிசயம்.

எட்டு மாதத்தில் பதினோரு தடவை செய்தார்கள். பதினோரு தடவையும் ஆறு குழாய் சொன்னபடி கேட்டது, ஏழாவது கழுத்தறுத்தது. ஒன்றுமே கொடுக்காத அந்தக் குழாயிலும் புரதம் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. அதிகம் இல்லை, மங்கலாக. ஆனால் அந்த மங்கலே போதும், ஆராய்ச்சியைக் கவிழ்த்துவிட. மேகலா தண்ணீரை மாற்றினாள், உப்புக்கரைசலை மாற்றினாள், குழாய்களை மாற்றினாள், மேசையைக் கழுவிக் கழுவி அதன் நிறத்தையே மாற்றினாள். கடைசியில் தன்னையே சந்தேகப்பட்டு, ஆய்வகத்துக்குள் இருமுவதை நிறுத்தினாள். அவள் படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் செல்லக்கண்ணு ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் போய் மதுரகாளியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்தார். ஏழாவது குழாய்க்கு விபூதி பூச வந்தவரை மேகலா கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிட்டாள்.

குருமூர்த்தியின் பொறுமையும் வற்றிவிட்டது. கத்தரி தானாகவே வெட்டுகிறது, இதை வைத்து ஒன்றும் எழுத முடியாது, தலைப்பை மாற்று என்றார். பங்குனி இரண்டாம் வாரம் ஆராய்ச்சிக் குழு கூடுகிறது. அதற்குள் ஏழாவது குழாய் சுத்தமாக வராவிட்டால் ஐந்து வருஷ வேலையை மூட்டை கட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல்கலைக்கழகம் இனி ஒரு மாதம்கூட நீட்டிப்புத் தராது. அதாவது தொடங்கவும் முடியாது. மேகலா அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் திருப்பி வைத்ததை நான் பார்த்தேன்.

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல்லூரி அலுவலகத்து ராசாங்கம் மகள் கல்யாணம், குரும்பலூரில். நானும் மேகலாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தோம். எங்கள் வரிசைக்குச் செல்லக்கண்ணுதான் பாயச வாளி. நான் வழக்கம்போல் இரண்டாவது தடவைக்கும் இடம் விட்டு வைத்திருந்தேன். மேகலா பாயசம் சாப்பிட மாட்டாள்; சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. வேண்டாம் என்று தலையசைத்தாள். செல்லக்கண்ணு வாளியைச் சாய்த்தார், கரண்டியை வழித்தார், நுனியில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் இலையின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டார்.

“சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டும்மா” என்றார்.

மேகலா அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்தினேன். அவள் முகம் மாறிய மாற்றம் அப்படி.

“அண்ணே, லேப்ல ஏழாவது டியூபுக்கும் இப்படித்தான் வுடுறீங்களா?” என்று கேட்டாள்.

“பின்ன?” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். பந்தி காத்திருக்காது அல்லவா?

அன்றைக்கு நான் இரண்டாவது பாயசம் வாங்கவில்லை. இது என் வாழ்க்கையில் குறித்து வைக்க வேண்டிய தேதி.

மறுநாள் காலை ஆய்வகத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள், போயிருந்தேன். மேகலா இரவெல்லாம் கோபத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு வந்திருந்தாள். எட்டு மாதம், பதினோரு தடவை, எத்தனை தடவை சொன்னேன் கடைசிக் குழாய்க்கு வேண்டாம் என்று, எல்லாவற்றையும் கொட்டினாள். செல்லக்கண்ணு ஒன்றையும் மறுக்கவில்லை. அளவு போடவில்லையே, நுனியில் மிச்சமிருந்ததைத்தானே தொட்டு வைத்தேன் என்றார். அந்தச் சொட்டே அந்தக் கத்தரிக்குப் போதும் என்று அவள் சொன்னதும் அவர் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், அவளைப் பார்த்துச் சொன்னார்.

“எனக்குப் பன்னண்டு வயசும்மா. நெலக்காரரு வூட்டுக் கல்யாணம். எங்காளுவள கொட்டாய்க்குப் பின்னால தனியா உக்கார வச்சாங்க. பாயசம் வந்துச்சு. எங்கப்பாவுக்கு முந்துன எல வரைக்கும் ஊத்துனாங்க. அப்புறம் வாளியத் தூக்கிகிட்டுத் திரும்பிட்டாங்க. வாளியில பாயசம் இருந்துச்சு, நான் பாத்தேன். எங்கப்பா எலையில அந்த எடத்த வெரலால தொடச்சுகிட்டே இருந்தாரு. வரிசையில உக்காந்தத வெறும் எலையா வுட எனக்கு கை வராதும்மா. டியூபுன்னாலும் வராது.”

பந்தி வஞ்சனை செய்யக்கூடாது என்று வகுப்பில் எத்தனையோ தடவை வியாக்கியானம் சொன்னவன் நான். அவர் கையால் எத்தனையோ மண்டபங்களில் பாயசம் வாங்கிச் சாப்பிட்டவன். இதை ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

மேகலாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. கட்டைவிரலை நீவிக்கொண்டாள். அப்புறம், “அண்ணே, அது பந்திக்கு வந்த ஆளு இல்ல” என்றாள். “அது விரதம் இருக்கற ஆளு. தண்ணி மட்டுந்தான். ஒரு சொட்டு பட்டாலும் விரதம் கெட்டுடும்.”

செல்லக்கண்ணு வாயைப் பிளந்தார். அவர் மனைவி சம்பூர்ணம் சஷ்டி விரதம் இருக்கிற நாளில் வீட்டில் தாளிக்கிற வாசனைகூட வரக்கூடாது என்று பார்த்துக்கொள்கிற மனிதர் அவர். அந்தக் கையால் எட்டு மாதமாக ஒரு விரதத்தைக் கெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?” என்றார்.

சொல்லிவிட்டு, யாரும் அனுப்பாமலே, நேராகத் துறைத்தலைவர் அறை வாசலில் போய் நின்றார். கத்தரி மேல் தப்பில்லை, கையை நீட்டியது நான்தான், அந்தப் பொண்ணைத் தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள் என்று குருமூர்த்தியிடம் ஒப்பித்தார். வேலை போய்விடுமோ என்கிற பயம் அவர் காதுமடலில் தெரிந்தது, சிவந்திருந்தது. குருமூர்த்தி நீளமாக மூச்சு விட்டார். உதவியாளர் கையில் பிப்பெட்டை யார் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் சார் என்று மேகலா பின்னாலிருந்து சொன்னாள்.

இனி அவர் பிப்பெட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவாயிற்று. அங்கேதான் சிக்கல். குளிர்பெட்டியில் ஒரே ஒரு தடவைக்குத்தான் ஆர்.என்.ஏ. மிச்சமிருந்தது. ஹைதராபாத்தில் சொல்லி வரவழைக்க ஆறு வாரம் ஆகும். ஆராய்ச்சிக் குழு கூட இரண்டு வாரம்தான். நானே போடுகிறேன் என்று குருமூர்த்தி சட்டைக்கையை மடித்தார். அவர் பிப்பெட் பிடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறதாம். தண்ணீரில் ஒத்திகை பார்த்தார். முதல் துளி காற்றுக்குமிழியாக வந்தது, இரண்டாவது என் வேட்டியில் விழுந்தது. மூன்றாவதற்குப் பிறகு அவரே பிப்பெட்டை மேசையில் வைத்துவிட்டு மேகலாவைப் பார்த்தார். மேகலா செல்லக்கண்ணுவைப் பார்த்தாள்.

“எனக்கு வேணாம்மா. கை பழக்கம் பொல்லாதது” என்றார் அவர்.

“நீங்கதான் போடறீங்க. எனக்கு வேற கை இல்ல” என்றாள்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் போட்டார்கள். குருமூர்த்தி கதவோரம் கைகட்டி நின்றார். நான் ஏசிக்குக் கீழே நின்றும் வியர்த்துக்கொண்டிருந்தேன். லாபம் முதல் ஆறு வரை சுவரோரமாகத் துளிகள் பிசகாமல் இறங்கின. ஆறாவதை முடித்ததும் அவர் கை தானாக ஏழாவதன் மேல் போய் நின்றது. பிப்பெட் நுனியில் மிச்சத்துளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மேகலா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள். செல்லக்கண்ணு கையை மெல்ல விலக்கினார், ஒரு முழம் தள்ளிக் கொண்டுபோனார், நுனியைக் கழற்றிக் குப்பையில் போட்டார். போட்டுவிட்டு, கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வெட்டுப்பட்டதா இல்லையா என்பது உடனே தெரியாது. ஒவ்வொரு குழாயிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, ஒரு ஜெல்லித் தகட்டில் ஓடவிட்டு, நீலச்சாயம் ஏற்றி, அதிகச் சாயத்தைக் கழுவ வேண்டும். மறுநாள் காலை வெளிச்சப் பலகையின் மேல் தகட்டை வைத்தார்கள். ஆறு வரிசையிலும் மேலே இருக்கும் முழுப் புரதத்தின் கோடு நிமிஷம் கூடக் கூட வரிசைக்கு வரிசை தேய்ந்து, கீழே வெட்டுத்துண்டுகளின் இரண்டு புதுக்கோடுகள் தெளிந்துகொண்டே வந்தன. ஏழாவது வரிசையில் மேலே ஒரே ஒரு தடித்த நீலக்கோடு. கீழே ஒன்றுமில்லை. மங்கலாகக்கூட இல்லை. குருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், “எழுது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அப்பளத்து ஆள் சத்தமில்லாமல் நொறுங்கியதை அன்றுதான் பார்த்தேன். மேகலா செல்போனில் படம் எடுக்க முயன்று, கண்ணீரில் எதுவும் தெரியாமல், போனை என்னிடம் நீட்டினாள். நான் எடுத்த படத்தில் பாதி என் விரல்.

செல்லக்கண்ணு தகட்டின் பக்கம் வரவே இல்லை. மேசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். முந்தின நாள் குழாய்களைத் தூக்கிப்போட எடுத்தவர், ஆறைக் குப்பைப் பையில் போட்டுவிட்டு ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேகலாவைப் பார்த்தார். இன்னொரு சோதனைக்குக் காணாத அளவில் கொஞ்சம் ஆர்.என்.ஏ. பனிக்கட்டி டப்பாவில் மிச்சமிருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பிப்பெட்டில் புது நுனி மாட்டினார். சாஸ்திரத்துக்கு ஒரு சொட்டு எடுக்கவில்லை, முழு அளவு எடுத்தார். ஏழாவது குழாயைத் திறந்து, சுவரில் நுனி படாமல் பார்த்துப் பார்த்து இறக்கினார். மூடியை உடனே மூடவில்லை. பிப்பெட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தபடி, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கிறவராக, அதன் முன்னால் இடுப்பை வளைத்து நின்றார்.